எலும்புகள் சொல்லும் வயது

“உன் வயது என்ன?”

இதைவிட எளிய கேள்வி ஒன்று உண்டா? பள்ளி செல்லும் நம் வீட்டுச் சிறுவனைக் கேட்டால் ஆண்டு, மாதம், தேதி என்று ஒரே மூச்சில் ஒப்புவித்துவிடுவான். ஆனால், இந்த எளிய கேள்விக்கு உரிய காலத்தில் விடை தேடப்படாததால் ஒரு மனிதரின் வாழ்வில் 28 ஆண்டுகள் சிறைச் சுவர்களுக்குள் கழிந்து போயின.

1994 ஆகஸ்ட் மாதம் புனே நகரில் ஏழு பேர் கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் ராஜஸ்தானத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த ஒருவர் கைதானார். வயது வந்தவர் என்றே கருதி அவரை விசாரித்தார்கள். 1998இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2000இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. “குற்றம் நடந்தபோது நான் சிறுவன்” என்ற கோரிக்கை பின்னரே எழுந்தது. 2005இல் எலும்புப் பரிசோதனை நடத்தினார்கள். “வயது 22க்கு மேல், 40க்குக் கீழ்” என்று அறிக்கை வந்தது. இதனைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பாருங்கள். 1994இல் அவர் 11 வயதுச் சிறுவராகவும் இருந்திருக்கலாம். 29 வயது இளைஞராகவும் இருந்திருக்கலாம்!

இறுதியில் உண்மையைச் சொன்னது எலும்பன்று. அவர் பிறந்த ஊரின் பள்ளிப் பதிவேடு. குற்றம் நிகழ்ந்த நாளில் அவருக்கு வயது 12 ஆண்டு 6 மாதம் என்று ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், 2023 மார்ச் மாதம் அவரை விடுவிக்க ஆணையிட்டது. சிறார் ஒருவருக்குச் சட்டம் விதிக்கக்கூடிய காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். அவர் சிறையில் இருந்ததோ 28 ஆண்டுகள்.

எலும்பைக் கொண்டு வயதைக் கணிக்க முடியும் என்கிறார்களே, அது எப்படி? முடியுமென்றால் இங்கே ஏன் முடியவில்லை? பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

எலும்பு வளரும் விதம்

பிறந்த குழந்தையின் உடலில் உள்ள எலும்புத் துண்டுகள் ஏறத்தாழ 300. வளர்ந்த மனிதருக்கோ 206 எலும்புகளே. எஞ்சியவை எங்கே போயின? அவை மறையவில்லை; ஒன்றோடொன்று இணைந்துவிட்டன.

கருவில் நம் எலும்புகளில் பெரும்பாலானவை குருத்தெலும்பாகவே உருவாகின்றன. காது மடலைத் தொட்டுப் பாருங்கள்; வளையும் தன்மை கொண்ட அத்தகைய பொருள்தான் குருத்தெலும்பு. அதன் நடுவே ஓரிடத்தில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து கெட்டியாகத் தொடங்கும். அவ்விடத்தை எலும்பாக்க மையம் என்பர். நீண்ட எலும்பின் தண்டுப் பகுதியில் ஒரு மையமும், முனைகளில் தனித்தனி மையங்களும் தோன்றும். தண்டுக்கும் முனைக்கும் இடையே மெல்லிய குருத்துத் தகடு ஒன்று இருக்கும். பிள்ளை உயரமாக வளர்வதெல்லாம் இந்தத் தகட்டின் உழைப்பினால்தான். பருவம் முதிர்ந்ததும் தகடு முழுதும் எலும்பாக மாறி, முனை தண்டோடு ஒட்டிக்கொள்ளும். அத்தோடு அந்த எலும்பின் நீள வளர்ச்சி முடிந்துவிடும்.

எந்த மையம் எப்போது தோன்றும், எந்த முனை எப்போது ஒட்டும் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கே வயதுக் கணிப்பின் அடிப்படை.

1895ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்து, தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். உயிருள்ள மனிதரின் எலும்புகளைத் தோலை அறுக்காமலே காணும் வாய்ப்பு அன்றுதான் உலகுக்குக் கிடைத்தது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு வெண்மையாகத் தெரியும், குருத்தெலும்போ தெரியாது. எனவே சிறு பிள்ளையின் கைப்படத்தில் விரல் எலும்புகளுக்கு நடுவே கறுப்பு இடைவெளிகள் காணப்படும். வயது ஏற ஏற அவை வெண்மையால் நிரம்பும்.

கையில் ஒரு கடிகாரம்

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தையின் எக்ஸ்ரே படத்தில் அவற்றுள் ஒன்றும் பெரும்பாலும் தெரியாது. முதல் சில மாதங்களில் இரண்டு தோன்றும். மூன்றாம் வயதை ஒட்டி மூன்றாவது, நான்காம் வயதை ஒட்டி நான்காவது என்று வந்து, ஆறேழு வயதுக்குள் ஏழு எலும்புகள் படத்தில் இடம் பிடித்துவிடும். பட்டாணி வடிவில் உள்ள எட்டாவது எலும்பு மட்டும் 9 முதல் 12 வயதுக்குள் தாமதமாக எட்டிப் பார்க்கும். சிறு குழந்தைகளின் வயதை அறிய மருத்துவர்கள் மணிக்கட்டை நாடுவது இதனால்தான்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு முழங்கை உதவுகிறது. அங்கே ஆறு மையங்கள், ஏறத்தாழ 1, 3, 5, 7, 9, 11 ஆகிய வயதுகளில் வரிசையாகத் தோன்றுகின்றன. பின்னர் அவை ஒட்டும் காலம் வரும். முழங்கை மூட்டு பெண்களுக்கு ஏறத்தாழ 13, 14 வயதிலும், ஆண்களுக்கு 15 முதல் 17 வயதிலும் இணைந்து முடியும். மணிக்கட்டருகே முன்கை எலும்பின் கீழ்முனை ஒட்டுவதற்கு இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும். இடுப்பெலும்பின் மேல் முகடு ஒட்டுவது 17 முதல் 20 வயதுக்குள். தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்பின் உள்முனையே கடைசியாக, இருபதுகளில், ஒட்டுகிறது.

எலும்பு முதிர்ச்சியில் பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முந்திச் செல்கின்றனர். எனவே ஆணா பெண்ணா என்று அறியாமல் எவரும் கணக்கிட முடியாது.

மருத்துவர் கேட்ட கேள்வியும் நீதிமன்றம் கேட்கும் கேள்வியும்

கை எலும்பைப் பார்த்து வயது சொல்ல உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் நூல், கிரூலிக், பைல் என்னும் இரு அமெரிக்கர்கள் 1950இல் வெளியிட்டுப் பின் 1959இல் திருத்திய படத்தொகுப்பாகும். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு மாதிரிக் கைப்படம் அதில் உண்டு. பிள்ளையின் படத்தை அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். எந்தப் படத்தோடு நெருக்கமாகப் பொருந்துகிறதோ அதுவே அப்பிள்ளையின் எலும்பு வயது.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. அந்தப் படங்கள் ஒஹையோ மாநிலத்து கிளீவ்லாந்து நகரில், நல்ல வசதியுள்ள வெள்ளையர் குடும்பங்களின் குழந்தைகளிடம் 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் எடுக்கப்பட்டவை. அவற்றைத் தொகுத்த மருத்துவர்களின் கேள்வி இதுதான்: “இந்தக் குழந்தையின் வயது எனக்குத் தெரியும், இதன் வளர்ச்சி வயதுக்கு ஏற்றபடி இருக்கிறதா?” நீதிமன்றம் கேட்பதோ தலைகீழான கேள்வி: “இதன் வளர்ச்சி எனக்குத் தெரிகிறது, வயது என்ன?”

இரண்டும் ஒன்று போலத் தோன்றினும் ஒன்றல்ல. ஒரே நாளில் பிறந்த பத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் பத்துப் பேரும் ஒரே உயரமாகவா இருக்கிறார்கள்? எலும்பு முதிர்ச்சியும் அப்படித்தான். வயிறாரச் சத்துணவு உண்டு வளரும் பிள்ளைக்கு எலும்பு விரைந்து முதிரலாம். வறுமையிலும் நீண்ட நோயிலும் வாடிய பிள்ளைக்கு அது பின்தங்கிவிடும். தைராய்டு முதலிய சுரப்பிகளின் குறைபாடும் எலும்பைப் பின்னுக்கு இழுக்கும். எலும்பு காட்டுவது முதிர்ச்சியை. பிறந்த தேதியை அன்று.

இந்தியப் பிள்ளைகளுக்குத் தனி அளவுகோல் வேண்டும் என்பதை நம் நாட்டு ஆய்வாளர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். கால்ஸ்டன் என்பவர் இந்தியர்களின் எலும்பு வளர்ச்சி குறித்துச் செய்த ஆய்வு 1937இல் வெளிவந்தது. நம் நாட்டுச் சட்ட மருத்துவ நூல்கள் அதனை நெடுங்காலம் எடுத்தாண்டு வந்துள்ளன. எந்த அளவுகோலை எடுத்தாலும், ஒரு பிள்ளைக்கும் மற்றொரு பிள்ளைக்கும் உள்ள இயற்கையான வேறுபாட்டை அது அழித்துவிட முடியாது.

பற்களின் சாட்சியம்

எலும்புக்குத் துணையாகப் பற்களும் வந்து சாட்சி சொல்கின்றன. இது பழைய வழக்கம். இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயது நிரம்பாத குழந்தைகளை நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று விதித்தது. ஆனால், பிறப்புப் பதிவு முறையாக நடைபெறாத காலம் அது. குழந்தையின் உயரத்தைப் பார்த்தே வயதை முடிவு செய்தனர். எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வாயைச் சோதித்து, உயரத்தைவிடப் பற்களே நம்பத்தக்கவை என்று 1837இல் எடுத்துரைத்தார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆறாம் மாதத்தையொட்டிப் பால்பல் முளைக்கத் தொடங்குகிறது. ஆறாம் வயதில் முதல் நிலைக் கடைவாய்ப் பல், பன்னிரண்டாம் வயதில் இரண்டாவது என்பது பொதுவான கணக்கு. பசியும் நோயும் எலும்பைப் பாதிக்கும் அளவுக்குப் பல்லின் உருவாக்கத்தைப் பாதிப்பதில்லை. ஆயினும் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு பல்லின் சாட்சியமும் தடுமாறுகிறது. ஞானப்பல் 17 முதல் 25 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். சிலருக்கு வராமலே போகலாம். சட்டத்துக்கு மிகவும் தேவைப்படும் 16, 18 என்னும் எல்லைக் கோடுகளில்தான் எலும்பும் பல்லும் தெளிவாகப் பேச மறுக்கின்றன.

இரு சகோதரியரின் கதை

உயிரோடிருக்கும் பிள்ளைக்குத்தான் இந்தத் தடுமாற்றம் என்று எண்ண வேண்டாம். ரஷ்யாவின் கடைசி மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் 1918 ஜூலை மாதம் தம் மனைவி, ஐந்து பிள்ளைகள், நான்கு பணியாளர்கள் ஆகியோருடன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1991இல் யெக்கதரீன்பர்க் நகருக்கு அருகே ஒரு குழியிலிருந்து எலும்புக் கூடுகள் எடுக்கப்பட்டன. பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதுதான் இருந்தன. இளவரசரையும், நான்கு மகள்களுள் ஒருவரையும் காணவில்லை.

காணாமற்போன மகள் யார்? 19 வயது மரியா என்றனர் ரஷ்ய நிபுணர்கள். கிடைத்த எலும்புகள் யாவும் 17 வயதுப் பெண்ணுக்கு உரியதைவிட முதிர்ந்தவை. எனவே காணாமற்போனவர் அனஸ்தாசியாவே என்றனர் அமெரிக்க நிபுணர்கள். 2007இல் அதற்கு அருகிலேயே எஞ்சிய இருவரின் எலும்புத் துண்டுகளும் கிடைத்தன. அவர்கள் அரச குடும்பத்தினரே என்பதை மரபணுச் சோதனை ஐயமற நிலைநாட்டியது. ஆனால் உடன்பிறந்த சகோதரியருள் இவர் மரியாவா, அனஸ்தாசியாவா என்று பிரித்துச் சொல்ல அச்சோதனையால் இயலவில்லை.

பிறந்த தேதிகள் ஏட்டில் உள்ள இரு பெண்கள், உலகப் புகழ் பெற்ற நிபுணர்கள், கையில் எலும்புகள். அப்படியிருந்தும் 17க்கும் 19க்கும் இடையே உள்ள இரண்டு ஆண்டு இடைவெளியைக் கடப்பது அத்தனை அரிதாயிற்று.

இரண்டு ஆண்டுகள் என்னும் இடைவெளி

அதே இரண்டு ஆண்டுகளைத்தான் நம் உச்ச நீதிமன்றமும் குறிப்பிட்டிருக்கிறது. ஜம்மு காஷ்மீரில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஒரு மாணவரின் வழக்கு 1982இல் விசாரணைக்கு வந்தது. எக்ஸ்ரே கொண்டு கணிக்கும் வயதில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆண்டுகள் பிழை நேரக்கூடும் என்று ஜெயமாலா வழக்கு என வழங்கும் அத்தீர்ப்பில் நீதிமன்றம் கூறியது. மருத்துவர் 17 என்று சொன்னால், உண்மை வயது 15ஆகவும் இருக்கலாம், 19ஆகவும் இருக்கலாம்.

இந்த நான்காண்டு அகலத்துக்குள் அடங்கிக் கிடப்பவை எவை? 18 நிரம்பாத பெண்ணை மணமுடித்துக் கொடுப்பது குற்றம். 18 நிரம்பாதோருக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமைக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கடுந்தண்டனை விதிக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் 18 நிரம்பாதவராயின் அவர் செல்ல வேண்டிய இடம் சிறைச்சாலை அன்று. இளைஞர் நீதிக் குழுமம். 16 வயதைக் கடந்தவர் கொடிய குற்றத்தில் சிக்கினால் வயது வந்தோரைப் போல் விசாரிக்கப்படவும் கூடும். ஒரு பிள்ளையின் வாழ்வும் மானமும் இந்த எல்லைக் கோடுகளில் தொங்குகின்றன.

ஐயம் எழுந்தால் எந்தப் பக்கம் சாய்வது? குற்றம் சாட்டப்பட்ட சிறுவனின் வயது எல்லைக் கோட்டில் நின்றால் அவனைச் சிறுவனாகவே கொள்வது நீதிமன்றங்கள் பின்பற்றி வரும் நெறி. ஆனால் பாதிக்கப்பட்ட சிறுமியின் வயது எலும்பைக் கொண்டு மட்டுமே அறியப்படுமானால், ஐயத்தின் பயன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகக்கூடும். அத்தகைய வழக்குகளில் எலும்புப் பரிசோதனை காட்டும் மேல் எல்லையைக் கொண்டு, அதன் மேல் பிழைக்கான இரண்டு ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2024இல் கூறியது. அதாவது, “16 முதல் 18 வரை” என்று அறிக்கை பெற்ற ஒரு சிறுமி, சட்டத்தின் கண்ணில் 20 வயதுப் பெண்ணாகிவிடலாம்! அவளிடம் ஒரு பிறப்புச் சான்றிதழ் இருந்திருந்தால் இந்தக் கணக்கே தேவைப்பட்டிராது.

ஏடு முந்தியா, எலும்பு முந்தியா?

சட்டம் இதனை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 94ஆவது பிரிவில் ஒரு வரிசையை வகுக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பொதுத் தேர்வுச் சான்றிதழ். அஃது இல்லையேல் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி வழங்கிய பிறப்புச் சான்றிதழ். இவ்விரண்டுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அதற்கு ஆணையிட்டால் 15 நாட்களுக்குள் முடித்தாக வேண்டும்.

2012 டிசம்பரில் நாட்டையே உலுக்கிய தில்லிக் கொடுமையில் கைதானவர்களுள் ஒருவனுக்கு எலும்புப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று காவல் துறை கேட்டது. பள்ளிப் பதிவேடு இருக்கும்போது அது தேவையில்லை என்று இளைஞர் நீதிக் குழுமம் 2013 ஜனவரியில் மறுத்துவிட்டது. அந்த முடிவு பலருக்குக் கசந்தது. ஆயினும் ஏடு இருக்க எலும்பைத் தேடுவதில்லை என்பதே நெறி. கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட மனிதரைத் தூக்குக் கயிற்றிலிருந்து மீட்டதும் அதே நெறிதான்.

பிறைக் கணக்கில் ஓர் எச்சரிக்கை

நம் இல்லங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். “பெரியவன் நோன்பு இருபத்தேழாம் கிழமைக்கு மறுநாள் பிறந்தான், இளையவள் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்திய வாரம்” என்று பிறை மாதத்தைக் கொண்டு பிள்ளைகளின் வயதைச் சொல்லும் பாட்டிமார்கள் நம்மிடையே உண்டு. அழகான வழக்கம்தான். ஆனால், ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஹிஜ்ரிக் கணக்கில் 18 நிரம்பிய பெண்ணுக்கு ஆங்கிலக் கணக்கில் 17 ஆண்டு ஐந்தரை மாதமே ஆகியிருக்கும். திருமண நாள் குறிக்கும்போது இந்த ஆறரை மாத வேறுபாடு குடும்பத்தையே குற்றக் கூண்டில் ஏற்றிவிடக்கூடும். சட்டம் கேட்பது ஆங்கிலத் தேதியையே.

பள்ளியில் சேர்ப்பதற்கு வசதியாக மே மாதம், ஜூன் மாதம் என்று ஒரு தேதியைச் சொல்லி எழுதி வைத்து வரும் வழக்கமும் நம் ஊர்களில் நெடுங்காலமாக இருக்கிறது. அன்று வாய்க்கு வந்தபடி சொன்ன தேதிதான், நாளை ஒரு வழக்கில் எலும்பையும் தள்ளிவிட்டு முதற்சான்றாக வந்து நிற்கும் என்பதை மறவாதீர்கள்.

பெற்றோரின் கடமை

குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. 30 நாட்கள் வரை சிறு தாமதக் கட்டணத்துடன் பதியலாம். ஓராண்டு கடந்தால் நிர்வாக நடுவரின் ஆணை வேண்டும். பெயர் சூட்டத் தாமதமானாலும் பிறப்பைப் பதிவதில் தாமதம் வேண்டாம். பெயரைப் பிறகும் சேர்த்துக்கொள்ளலாம். 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், கடவுச்சீட்டு முதலியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்றாகும் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது.

வீட்டில் பேறு பார்த்த பிள்ளையாயினும், வாப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையாயினும், ஆதரவற்று நம் பராமரிப்பில் வளரும் பிள்ளையாயினும் இதில் வேறுபாடு இல்லை. உண்மையில், கேட்பாரற்ற பிள்ளைக்குத்தான் அந்த ஒரு தாள் மிகுதியும் தேவை.

எலும்பு பொய் சொல்வதில்லை. ஆனால் அதற்குத் தேதி தெரியாது. தேதி தெரிந்தவர்கள் நாம். அதனை எழுதி வைப்பதும் நம் பொறுப்பே. சிறையில் கழிந்த அந்த 28 ஆண்டுகளை எவராலும் திருப்பித் தர இயலாது. இன்று உங்கள் பெட்டியைத் திறந்து, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் பத்திரமாக இருக்கின்றனவா, அவற்றில் உள்ள தேதியும் பள்ளியில் உள்ள தேதியும் ஒன்றுதானா என்று ஒருமுறை பாருங்கள். கால் மணி நேர வேலைதான்.